கணக்கில் வந்த கதகதப்பு

2022 ஜனவரி 3ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கொட்டிய பனி, ரிச்மண்டுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடும் ஐ-95 நெடுஞ்சாலையை முடக்கிப்போட்டது. ஃபிரெட்ரிக்ஸ்பர்க் ஊரை ஒட்டிய பகுதியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுக்க நின்ற இடத்திலேயே நின்றன. செனட்டர் டிம் கெய்னும் அந்த வரிசையில் இருந்தார். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் முடியும் பயணம் அவருக்கு 27 மணி நேரம் ஆனது. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்வதும், பெட்ரோலை மிச்சம் பிடிக்க அணைத்துவிட்டு நடுங்குவதுமாக மக்கள் விடியும்வரை கிடந்தார்கள். சாலை திறந்த கையோடு ஒரு கேள்வி கிளம்பியது. அங்கே நின்றவை எல்லாம் மின்சாரக் கார்களாக இருந்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் கதி என்ன?

கேள்வி நியாயமானது. அதற்கான பதில், பேட்டரி எவ்வளவு பெரியது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. பெட்ரோல் காரில் யாரும் யோசிக்கவே தேவைப்படாத ஒரு காரியம், ஆட்களைக் குளிராமல் வைத்திருப்பது, மின்சாரக் காரில் தனி ஒரு பொறியியலாக வளர்ந்து நிற்கிறது.

எரிந்து போனதில் கிடைத்தது

பெட்ரோல் இன்ஜின் ஒரு வகையில் அடுப்புதான். எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. எப்படியும் வீணாகப் போகிற அந்தச் சூட்டில் ஒரு கைப்பிடியைக் காருக்குள் திருப்பிவிட்டால் போதும். 1938இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் கொண்டுவந்த, பின்னர் 'வெதர் ஐ' என்று பெயர்பெற்ற ஏற்பாடு அதைத்தான் செய்தது: வெளிக்காற்றை உள்ளே இழுத்து, இன்ஜினைச் சுற்றிவந்த சுடுநீரின் மேல் ஓடவிட்டு, பயணிகள் மேல் வீசியது. அதற்கு முந்திய தலைமுறை கரி நெருப்புப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டும் கம்பளி போர்த்திக்கொண்டும் வண்டி ஓட்டியது. நாஷ் காட்டிய வழியே பிறகு உலகெங்கும் வழக்கமானது.

மின் மோட்டார் இந்தத் தானத்தைச் செய்வதில்லை. அது வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இயக்கமாக மாற்றிவிடுகிறது. கோடையில் பாராட்டத்தக்க இந்தச் சிக்கனம், பனிக்காலத்தில் பயணிகளின் விரல் நுனியில் உறைக்கிறது. வீணாகும் சூடு இல்லாததால், தேவைப்படும் சூடு முழுவதையும் பேட்டரியிலிருந்தே எடுக்கவேண்டியிருக்கிறது. அதே பேட்டரிதான் வண்டியையும் ஓட்டவேண்டும்.

இதன் விலை என்ன என்பதை அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் அளந்து வெளியிட்டது. பிஎம்டபிள்யூ ஐ3எஸ், செவ்ரலே போல்ட், நிசான் லீஃப், டெஸ்லா மாடல் எஸ், ஃபோக்ஸ்வேகன் இ-கோல்ஃப் ஆகிய ஐந்து கார்களை மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் குளிரில் ஓட்டிப் பார்த்தார்கள். ஹீட்டரை அணைத்துவிட்டு ஓட்டியபோது ஒரு சார்ஜில் போகும் தூரம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. ஹீட்டரைப் போட்டதும் 41 சதவீதம் குறைந்தது. முதல் 12 சதவீதத்துக்குக் குளிரே காரணம்: பேட்டரியின் வேதிவினை மந்தமாகிறது, டயர் இறுகுகிறது, காற்றும் அடர்கிறது. மைனஸ் 10 டிகிரிக் காற்று 23 டிகிரிக் காற்றைவிட எட்டில் ஒரு பங்கு கனமானது. அதைக் கிழித்துக்கொண்டு போக அத்தனை கூடுதல் ஆற்றல் வேண்டும். அந்த 12 சதவீதத்துக்கு மேல் போனதெல்லாம் மனிதர்களைச் சூடாக வைத்திருக்கக் கொடுத்த விலை. ஐரோப்பாவில் காரோடு அச்சிட்டுத் தரப்படும் தூரக் கணக்கு 23 டிகிரி வெப்பத்தில் ஏசியும் ஹீட்டரும் அணைந்த நிலையில் எடுக்கப்படுகிறது. ஜனவரி மாதத்து வாடிக்கையாளர் ஏமாந்ததாக உணர்வதில் வியப்பில்லை.

இந்தப் பாடத்தை உலகில் வேறெவரையும்விட அதிகமாகப் படித்தவர்கள் நார்வேக்காரர்கள். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் சுமார் 89 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், நாட்டின் பதிவேட்டில் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களைத் தாண்டியது. 1886இல் மைனஸ் 51.4 டிகிரி பதிவான கராஸ்யோக் இருக்கும் நாடு அது. வடக்கே பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து அந்த நாட்டில் வேரூன்றிய ஈழத் தமிழர்களுக்கும் இந்தக் குளிர் அன்றாட விஷயம். அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான என்ஏஎஃப், 2020 முதல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மின்சாரக் கார்களை வரிசையாகக் கிளப்பி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டிப் பார்க்கிறது. முதல் சோதனையில் 20 கார்கள் கலந்துகொண்டன. சராசரி இழப்பு 18.5 சதவீதம். ஹுண்டாய் கோனா 9 சதவீதம்தான் இழந்தது. ஓப்பல் ஆம்பெரா-இ 30 சதவீதத்தை நெருங்கியது.

அமெரிக்காவின் 41 எங்கே, நார்வேயின் 18 எங்கே? நார்வேச் சோதனை நாளில் குளிர் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. வண்டி ஓட்டும் செலவு கிலோமீட்டர் கணக்கில் ஏறுகிறது. ஹீட்டர் செலவோ மணிக்கணக்கில் ஏறுகிறது, அதிலும் முதல் கால் மணி நேரத்தில்தான் மிக அதிகம். நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் செலவழிக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். உறைந்து கிடக்கும் அந்தக் காரைச் சூடேற்ற முதல் இருபது நிமிடம் 5 கிலோவாட், பிறகு 2 கிலோவாட் தேவை என்று வைத்தால், 30 கிலோமீட்டர் தூரத்து அலுவலகப் பயணத்தில் ஓட்டத்துக்கு 5.4 யூனிட்டும் சூட்டுக்கு 2 யூனிட்டுக்கு மேலும் போகும். பத்துக்கு நான்கு என்ற விகிதம். அதே கார் 300 கிலோமீட்டர் ஒரே மூச்சில் போனால் ஓட்டத்துக்கு 54 யூனிட், சூட்டுக்கு ஒன்பது பத்து யூனிட், விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோகும் நகரத்து நெரிசலில்தான் ஹீட்டர் பேட்டரியை அதிகம் கடிக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீர்

காருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய மூன்று கன மீட்டர். எடை நாலு கிலோ. இதை மைனஸ் 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஏற்ற 0.03 யூனிட் மின்சாரம் போதும். ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைக்கக்கூட இதைவிட அதிகம் தேவை. அப்படியென்றால் அத்தனை கிலோவாட்டும் எங்கே போகிறது?

இருக்கைகளையும் டேஷ்போர்டையும் தகரத்தையும் சூடேற்ற ஒரு பகுதி போகிறது. கண்ணாடி வழியாக ஒரு பகுதி கசிகிறது. ஆனால் தீராத செலவு வைப்பது மூச்சுக்காற்று. உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு மணிக்கு 40, 50 கிராம் நீரை மூச்சாகவும் தோல் வழியாகவும் ஆவியாக்குகிறது. நான்கு பேர் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் அந்தச் சின்ன அறைக்குள் ஆவியாகிச் சேர்கிறது. குளிர்ந்த முன்கண்ணாடியில் அது பட்டதும் பூத்துப்போகிறது. பனியும் இருட்டும் சேர்ந்த சாலையில் மங்கிய கண்ணாடி உயிருக்கு ஆபத்து.

அதனால் ஈரம் சேர்ந்த காற்றை வெளியே தள்ளி, உலர்ந்த வெளிக்காற்றை உள்ளே விட்டபடி இருக்கவேண்டும். மணிக்கு 150 கன மீட்டர் காற்றை உள்ளே எடுத்து, மைனஸ் 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சூடேற்ற, ஓயாமல் 1.6 கிலோவாட் செலவாகும். சூடேற்றிய காற்று சில நிமிடங்களில் வெளியே போய்விடும். திரும்பவும் புதிதாகச் சூடேற்றவேண்டும். இன்றைய கார்களில் ஈரப்பதத்தை அளக்கும் உணரியைக் கண்ணாடி அருகே வைத்து, கண்ணாடி பூக்காத அளவுக்கு மட்டும் வெளிக்காற்றை எடுத்து, மிச்சத்தை உள்ளேயே சுற்றவிடுகிறார்கள். ஹீட்டர் ஓடும்போதே ஏசியும் ஓடி, உள்காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுப்பதும் உண்டு. கண்ணாடி தெளிவாக இருக்கவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இத்தனை ஏற்பாடு.

கல்லும் பம்பும்

முதல் தலைமுறை மின்சாரக் கார்கள் எளிய வழியைப் பிடித்தன. பேரியம் டைட்டனேட் சேர்ந்த பீங்கான் வில்லைகளை அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அடுக்கி, மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். பிடிசி ஹீட்டர் என்று தொழிலில் அழைக்கப்படும் இதில் ஓர் அழகு இருக்கிறது. சாதாரண ஹீட்டர் கம்பி சூடேறச் சூடேறச் சிவந்துகொண்டே போகும். இந்த வில்லையோ குறிப்பிட்ட வெப்பத்தைத் தொட்டதும் தானே மின்சாரத்தைத் தடுக்க ஆரம்பிக்கிறது. தடை மளமளவென்று உயர்ந்து சூடு அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது. விசிறி நின்றுபோனாலும் தீப்பிடிக்கும் அளவுக்குப் போவதில்லை. எந்தக் குளிரிலும் சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் சுடுகாற்று வரும்.

ஆனால் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் சூடுதான் வரும். அதற்கு மேல் ஒரு துளிகூடக் கிடைக்காது. பேட்டரி சிறியதாக இருந்த காலத்தில் இது கட்டுப்படியாகவில்லை. வால்வோ 2011இல் தயாரித்த சி30 எலக்ட்ரிக் காரில் பயணிகளுக்காகத் தனியே எத்தனால் எரிக்கும் ஹீட்டரும் அதற்கென்று ஒரு டேங்கும் இருந்தன. புகையில்லாக் காருக்குள் ஓர் அடுப்பை வைத்த அந்த முடிவு, ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர்களுக்கு இருந்த நெருக்கடியைக் காட்டுகிறது.

வழி ஏசியிலிருந்தே பிறந்தது. சென்னையில் மே மாதம் எந்த வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னாலும் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அனல் தெரியும். அறைக்குள் இருந்த சூட்டைத்தான் அந்தப் பெட்டி அள்ளி வெளியே கொட்டுகிறது. அதையே திருப்பிப் போட்டால், வெளியே இருக்கும் சூட்டை அள்ளி உள்ளே கொட்டும். மைனஸ் 10 டிகிரிக் காற்றிலும் சூடு உண்டு; அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவத்தைக் காட்டினால் போதும், சூடு அதற்குள் பாயும். கார் ஏசியில் இப்போது பரவலாக ஓடும் ஆர்1234ஒய்எஃப் என்ற திரவம் மைனஸ் 29.5 டிகிரியில் கொதிப்பது. வெளிக்குளிரிலேயே அது ஆவியாகி, கம்ப்ரசரில் அழுந்திச் சூடேறி, காருக்குள் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பும். கம்ப்ரசருக்குக் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு இரண்டு யூனிட், மிதமான குளிரில் மூன்று யூனிட்கூடச் சூடு கிடைக்கும். இதுதான் ஹீட் பம்ப்.

நிசான் 2012இன் கடைசியில் ஜப்பானில் வெளியிட்ட திருத்திய லீஃப் காரில் இதைக் கொண்டுவந்தது. ரெனோ ஸோயி பின்தொடர்ந்தது. டெஸ்லா 2020இல் மாடல் ஒய் காரோடு இறங்கியபோது, எட்டு வழி கொண்ட ஒற்றை வால்வை நடுவில் வைத்து, பேட்டரி, மோட்டார், பயணிகள் அறை மூன்றுக்கும் இடையே சூட்டை எந்தத் திசையிலும் மாற்றிவிடும்படி குழாய்களை இணைத்தது. மோட்டாரில் மிஞ்சும் கொஞ்சநஞ்சச் சூடும் இப்போது வீணாவதில்லை.

ஹீட் பம்புக்கும் எல்லை உண்டு. குளிர் ஏற ஏற அள்ளிக்கொள்ளும் சூடு குறைந்து, மைனஸ் 20ஐ நெருங்கும்போது அதன் ஆதாயம் தேய்ந்துவிடுகிறது. பூஜ்யத்தை ஒட்டிய ஈரக்காற்றில் வேறொரு தொல்லை: வெளிப்பெட்டியின் தகடுகளில் உறைபனி படிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும், அதை உருக்க வேலையை நிறுத்தவேண்டும். ஃபோக்ஸ்வேகன் ஐடி.3 வரிசையில் கார்பன் டை ஆக்ஸைடையே திரவமாகப் பயன்படுத்தும் ஹீட் பம்பை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. மைனஸ் 30 டிகிரியிலும் அந்த வாயுவின் அழுத்தம் சுமார் 14 பார் இருப்பதால் கடுங்குளிரிலும் அது அசராது. பதிலுக்கு, 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும் குழாய்கள் வேண்டும். இந்தக் காரணங்களால் ஹீட் பம்ப் வைத்த கார்கள் பலவற்றிலும் ஒரு சின்னப் பிடிசி ஹீட்டர் துணைக்கு இருக்கிறது.

சூட்டுக்குப் போட்டியாளர் ஒருவரும் உண்டு. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால், லித்தியம் உள்ளே புகாமல் கிராஃபைட்டின் மேல் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். ஆகவே சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பேட்டரியையும் சூடேற்றவேண்டும். 2024 ஜனவரியில் சிகாகோவைக் கடுங்குளிர் பிடித்தபோது சார்ஜிங் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக்கிடந்த காட்சி இதன் விளைவு: குளிர்ந்த பேட்டரி மெதுவாகவே வாங்கிக்கொள்ளும், காத்திருக்கும் கார்களோ ஹீட்டருக்காகத் தங்கள் சார்ஜை இழந்துகொண்டிருக்கும்.

உடம்பைத் தேடிப் போகும் சூடு

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பி. ஓலே ஃபாங்கர், 1970இல் வெளியான தம் நூலில், ஒருவருக்குக் குளிர்கிறதா இல்லையா என்பதைக் காற்றின் வெப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை என்று காட்டினார். சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்திய துணி, உடம்பின் உழைப்பு எல்லாம் கணக்கில் வருகின்றன. கட்டடங்களுக்காக அவர் போட்ட இந்தக் கணக்கு மின்சாரக் காருக்கு அச்சாகப் பொருந்துகிறது.

காருக்குள் முழுக் காற்றையும் 22 டிகிரியில் வைக்க ஆயிரக்கணக்கான வாட் வேண்டும். முதுகையும் தொடையையும் நேரடியாகத் தொடும் இருக்கைச் சூட்டுக்கு ஓர் ஆளுக்கு ஐம்பது முதல் நூறு வாட் போதும், ஒரு பழைய குண்டு பல்பின் செலவு. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1970களின் தொடக்கத்திலேயே தன் கார்களில் சூடான இருக்கையைக் கொடுத்தது. அன்று அது சொகுசு. இன்று அது ஒரு சார்ஜில் போகும் தூரத்தைக் காக்கும் கருவி. இருக்கையும் ஸ்டீயரிங்கும் சூடாக இருந்தால் உள்காற்றை 22க்குப் பதில் 17, 18 டிகிரியில் வைத்தாலும் ஓட்டுநருக்குக் குறை தெரிவதில்லை. டொயோட்டா தன் பிஇசட்4எக்ஸ் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு எதிரே, வெயில் படுவதுபோல் கால்களைச் சூடாக்கும் தகடுகளை வைத்தது. நடுவில் இருக்கும் காற்றைச் சூடேற்றாமல் சூடு நேராகக் காலுக்கே போகிறது.

சுவரிலிருந்து வரும் சூடு

இத்தனை கருவிகளையும்விட மலிவான வழி, புறப்படும் முன்பே காரைச் சூடேற்றிவிடுவது. வண்டி சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே, கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னால் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் ஹீட்டர் ஓடத் தொடங்கும். அந்த மின்சாரம் வீட்டு இணைப்பிலிருந்து வருகிறது, பேட்டரி குறையாது. கனத்த முதல் செலவு சாலைக்கு வரும் முன்பே தீர்ந்துவிடும். முன்கண்ணாடியில் படிந்த உறைபனி கீழ்விளிம்பிலிருந்து மெல்ல உருகி, வைப்பர் ஒரு முறை அசைந்ததும் கஞ்சிபோல் வழிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் டீசல் வண்டிக்காரர் சுரண்டியை எடுத்துக் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருப்பார்.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மக்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. டீசல் காலத்திலேயே காரிலிருந்து ஒரு வயரை இழுத்து, வாகன நிறுத்தத்துக் கம்பத்தில் இருக்கும் பிளக்கில் இரவு மாட்டிவைப்பார்கள். இன்ஜினையும் உள்ளறையையும் அது சூடாக வைத்திருக்கும். அந்த ஹீட்டர்களைச் செய்து பெயர்பெற்ற நார்வே நிறுவனமான டெஃபா இன்று மின்சாரக் கார்களுக்கான சார்ஜர்களையும் செய்கிறது. வயர் ஒன்றுதான், அதில் பாயும் வேலை பெருகியிருக்கிறது.

வீட்டு வாசலில் பிளக் இல்லாதவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. தெருவோரம் நிறுத்துகிறவர் முன்கூட்டியே சூடேற்றினால், அதற்கும் பேட்டரியிலிருந்துதான் கொடுக்கவேண்டும். அடுக்ககங்களில் குடியிருப்பவர் தம் இடத்தில் சார்ஜர் அமைத்துக்கொள்ளும் உரிமையை நார்வே சட்டத்திலேயே எழுதியது. சார்ஜ் ஏற்றுவதற்காக வந்த அந்தச் சட்டம் குளிர்காலக் காலைகளில் இன்னொரு விதத்திலும் பயன்படுகிறது.

இப்போது வர்ஜீனியா இரவுக்குத் திரும்பலாம். 60 யூனிட் பேட்டரியில் 70 சதவீதம் மிச்சமிருக்கும் ஒரு மின்சாரக் கார் அந்த வரிசையில் நின்றிருந்தால் கையில் 42 யூனிட். நிற்கும் காரைப் பிடிசி ஹீட்டரால் கதகதப்பாக வைத்திருக்க 2 கிலோவாட் என்று கொண்டால் 21 மணி நேரம் தாங்கும். ஹீட் பம்ப் 1.2 கிலோவாட்டில் சமாளித்தால் 35 மணி நேரம். ஹீட்டரை அணைத்து இருக்கைச் சூட்டை மட்டும் போட்டால் நாட்கணக்கில். முழு டேங்க் பெட்ரோல் கார் இவற்றுக்குச் சளைத்ததல்ல. ஆனால் பனி புகைக்குழாயை மூடிவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகுந்து உயிரை எடுக்கும். மின்சாரக் காரில் அந்தப் பயமில்லை. அதன் பலவீனம் வேறு: 20 சதவீதத்தோடு வந்து மாட்டிக்கொண்டால் 12 யூனிட்தான் மிச்சம், ஹீட்டருக்கு ஆறு மணி நேரம். கேனில் மின்சாரம் கொண்டுவந்து ஊற்றவும் முடியாது. பனி வரும் என்று தெரிந்த நாளில் சார்ஜை நிரப்பிக்கொண்டு கிளம்புவதற்கு இணையான பாதுகாப்பு வேறில்லை.

பின்னிருக்கை

உடம்பை மட்டும் சூடாக்கினால் போதும் என்ற உத்தியில் ஒரு பயணி விடுபட்டுப்போகிறார். நார்டிக் நாடுகளில் குழந்தைகளை நான்கு வயதுவரை பின்னோக்கிய குழந்தை இருக்கையில் உட்காரவைக்கச் சொல்கிறார்கள். கார் இருக்கையின் சூடு அந்தப் பிளாஸ்டிக்கையும் பஞ்சையும் தாண்டிக் குழந்தையின் முதுகுக்குப் போவதில்லை. ஸ்டீயரிங் சூடும் முழங்கால் தகடும் முன்னால் இருப்பவர்களுக்கானவை. தடித்த குளிர்ச்சட்டையோடு குழந்தையை வாரில் கட்டவும் கூடாது: மோதலில் சட்டைக்குள் இருக்கும் காற்று நசுங்கி, இறுக்கமாகத் தெரிந்த வார் தளர்ந்துவிடும் என்று குழந்தைப் பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். ஆக, சட்டையையும் கழற்றவேண்டும், இருக்கைச் சூடும் கிடையாது. அந்தக் குழந்தைக்கு இருப்பது சுற்றியுள்ள காற்று மட்டுமே.

ஓட்டுநருக்கு 17 டிகிரி போதும் என்று முன்னிருக்கையில் போடும் சிக்கனக் கணக்கு, மெல்லிய சட்டையோடு பின்னால் இருக்கும் குழந்தைக்கும் கால் மரத்துப்போகும் வயதான தாய்க்கும் செல்லாது. பின்னிருக்கைச் சூட்டையும் ஹீட் பம்பையும் தனி விலைக்கு விற்கும் நிறுவனங்கள் இதை மனதில் கொள்ளவேண்டும். காரை வாங்குகிறவர்களும், இத்தனை கிலோமீட்டர் போகுமா என்று கேட்பதோடு, பின்னிருக்கைக்குச் சூடு எவ்வழியாக வருகிறது என்றும் கடையில் கேட்கவேண்டும்.

ஆஸ்லோவின் புறநகரில் ஜனவரிக் காலை ஏழு மணி, இன்னும் விடியவில்லை. சார்ஜரில் மாட்டிய கார் இருபது நிமிடமாகச் சூடேறிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்ததும் சுடுகாற்று முகத்தில் அடிக்கிறது. அப்பா குழந்தையின் தடித்த சட்டையைக் காருக்குள் வைத்தே கழற்றி, வாரை மாட்டி, விரல் நுழையாத அளவுக்கு இறுக்குகிறார். பிறகு அதே சட்டையைக் குழந்தையின் மேல் போர்வைபோல் விரித்துவிட்டு, இறங்கிப்போய்ச் சார்ஜர் வயரைக் கழற்றுகிறார்.